அடையாற்றுக்கு வந்த தந்தி

மழலைப் பள்ளிப் பலகைகளில் 'மாண்டிசோரி' என்ற பெயரை வாழப்பாடி வாசகர்களும் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயருக்குரிய அம்மையார் முதன்முதலில் பாடம் சொல்லிக் கொடுத்தது மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மேரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31-ல் இத்தாலியில் பிறந்தார். 1896-ல் ரோமில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாளில் அங்கே இத்தகைய குழந்தைகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். விளையாட ஒரு பொம்மை கூடக் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். பெருந்தீனிப் பிள்ளைகள் என்று காவல்காரி முகம் சுளித்தாள். அம்மையாருக்கோ வேறு எண்ணம் தோன்றியது. பசி வயிற்றில் இல்லை, விரல்களில்! தொட்டுப் பார்க்க எதுவும் இல்லாமல் தவிக்கிறார்கள்.

இட்டார்டு, செகுவின் என்ற பிரெஞ்சு டாக்டர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ல் இக்குழந்தைகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ரோமில் தொடங்கியது. டாக்டர் மாண்டசானோவுடன் சேர்ந்து அதை நடத்தினார். பகலெல்லாம் குழந்தைகளோடு இருப்பார். இரவில் கண்டதை எழுதி வைப்பார். பேசுவதற்கு முன் ஆசிரியர் பார்க்கப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்த சிலர், சாதாரணப் பிள்ளைகளின் பரீட்சையிலேயே தேறினார்கள். எல்லோரும் வியந்தார்கள். அம்மையாருக்கு மட்டும் கவலை. இவர்களே இவ்வளவு தூரம் வர முடியுமானால், மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் என்ன செய்து வைத்திருக்கின்றன? அந்தக் கேள்விதான் 1907-ல் ஏழைகள் வசித்த சான் லோரன்சோவில் குழந்தைகள் இல்லமாக உருவெடுத்தது.

ஊரார் பிள்ளைகளுக்காக உருகியவர், பெற்ற பிள்ளையைப் பிரிந்திருந்தார். மாண்டசானோவுக்கும் அவருக்கும் 1898-ல் பிறந்தவன் மாரியோ. மணமாகாத தாய் என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி, குழந்தையைக் கிராமத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். (அக்காலத்து ரோமில் வேறு வழி இருந்ததா என்று நாம் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல.) பிள்ளை வளர்ந்து தாயிடம் வந்து சேர்ந்த பின்னும், வெளியுலகுக்கு அவர் உறவுக்காரப் பையன்தான்.

1939 நவம்பரில் இருவரும் சென்னை அடையாற்றுக்கு வந்தார்கள். அழைத்தவர்கள் அருண்டேலும் ருக்மிணி தேவியும். பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. மாரியோவைச் சர்க்கார் பிடித்து முகாமில் அடைத்தது. அம்மையாருக்குப் பிரம்மஞான சபை எல்லைக்குள்ளேயே காவல். ஆகஸ்டு 31, எழுபதாவது பிறந்த நாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனை விடுவிப்பதாகச் செய்தி. உறவுக்காரப் பையன் அல்ல, மகன்!

பிறகு கோடைக்கானலிலும் அவர் பணி தொடர்ந்தது. 1952 மே 6-ல் ஹாலந்தில் காலமானார். மாரியோ உடனிருந்தார்.