வீட்டுக்கு வரி கூடாது என்ற ஹென்றி ஜார்ஜ்

1865-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம்.

ஓர் ஏழையின் வீட்டில் அன்று ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் வீட்டில் மகிழ்ச்சி இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க ஒரு வாய் உணவு கூட இல்லை.

குழந்தையின் தகப்பனாருக்கு வயது 25. அவர் தெருவில் இறங்கி நடந்தார். எதிரே வந்த முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி, 5 டாலர் வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று அந்த மனிதர் விசாரித்தார். மனைவி பிள்ளை பெற்றுப் பசியோடு கிடக்கிறாள் என்று இவர் சொன்னார். அந்தப் புண்ணியவான் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

பணம் கிடைக்காமல் போயிருந்தால், அந்த மனிதரைக் கொலை செய்யும் அளவுக்கு அன்று தம் மனம் வெறி கொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் அவர் ஒப்புக்கொண்டார்.

அவர்தான் ஹென்றி ஜார்ஜ். உழைப்பவன் வீட்டில் ஏன் பசி என்று கேட்டவர். வீட்டு வரியையும் நில வரியையும் பற்றி உலகத்தையே யோசிக்க வைத்தவர்.

கப்பல் பையன்

ஹென்றி ஜார்ஜ் 1839-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி பிலடெல்பியா நகரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம். 14 வயது நிரம்பு முன்பே அவருடைய படிப்பு நின்றுவிட்டது.

15 வயதில் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கிருந்து நம் நாட்டின் கல்கத்தாவுக்கும் வந்தது. 1855-ம் ஆண்டு அந்தச் சிறுவன் ஹூக்ளி நதியைக் கண்டான். செல்வம் கொழிக்கும் நாடு என்று கேள்விப்பட்டிருந்தான். கண்ணில் பட்டதோ வறுமை!

ஊர் திரும்பியதும் அச்சுக் கோக்கும் தொழிலைக் கற்றார். பிறகு பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே அன்னி என்ற அனாதைப் பெண்ணைக் காதலித்தார். கையில் இருந்த ஒரே ஒரு நாணயத்தைக் காட்டி, தம்முடைய சொத்து இவ்வளவுதான், சம்மதமா என்று கேட்டார். அவள் சம்மதித்தாள். 1861-ம் ஆண்டு டிசம்பரில் இரவல் உடையில் திருமணம் நடந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பசிக் கொடுமை.

மாடு மேய்ந்த நிலம்

மெல்ல மெல்ல அவர் பத்திரிகை ஆசிரியராக உயர்ந்தார். பத்திரிகை வேலையாக நியூயார்க் நகரத்துக்குச் சென்றார். ஒரு பக்கம் மாட மாளிகைகள். இன்னொரு பக்கம் ஒண்டுவதற்கும் இடம் இல்லாத ஏழைகள். நாடு வளர வளர வறுமை ஏன் குறையவில்லை? இந்தக் கேள்வி அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

1870-ம் ஆண்டு, ஓக்லண்டு என்ற ஊருக்கு வெளியே அவர் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் வந்த வண்டிக்காரரிடம், இங்கே நிலம் என்ன விலை என்று பேச்சுவாக்கில் கேட்டார். தூரத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வண்டிக்காரர் அந்தப் பக்கமாகக் கையைக் காட்டினார். அங்கே ஒருவர் ஏக்கர் ஆயிரம் டாலருக்கு விற்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடு மேயும் வெறும் நிலத்துக்கு ஆயிரம் டாலரா? ஜார்ஜ் திகைத்தார். மறு கணமே விடை தெரிந்தது. ரெயில் வந்துவிட்டது. ஜனங்கள் வருகிறார்கள். ஊர் பெருகுகிறது. அதனால் நிலத்தின் விலை ஏறுகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒரு துரும்பைக் கூடக் கிள்ளிப் போடவில்லை. ஊரார் உழைத்தார்கள். இலாபம் அவருக்குப் போயிற்று!

இரண்டு மனைகள்

ஜார்ஜ் கண்ட உண்மையை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

ஒரே தெருவில், ஒரே அளவில் இரண்டு மனைகள் இருக்கின்றன. ஒருவர் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, தம் மனையில் வீடு கட்டுகிறார். மற்றவர் விலை ஏறட்டும் என்று தம் மனையை முள் மண்டவிட்டு வைத்திருக்கிறார்.

வரி போடுகிறவர்கள் வருகிறார்கள். வீடு கட்டியவருக்கு அதிக வரி. காலி மனைக்குக் குறைந்த வரி. வீட்டில் இன்னோர் அறை சேர்த்தால் வரி இன்னும் ஏறுகிறது. உழைத்தவருக்கு அபராதம், சும்மா இருந்தவருக்குச் சலுகை!

இந்த முறையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்றார் ஜார்ஜ். வீடு மனிதன் உழைப்பால் வந்தது; அதற்கு வரி கூடாது. நிலத்தின் மதிப்பு ஊரால் வந்தது. அதை வரியாக ஊருக்கே திருப்பித் தர வேண்டும். இரண்டு மனைக்கும் ஒரே வரி என்றால், காலி மனைக்காரர் ஒன்று வீடு கட்டுவார். அல்லது கட்டுகிறவருக்கு விற்பார்.

எகிப்து நாட்டை ஆண்ட முகமது அலி பேரீச்ச மரங்களுக்கு வரி போட்டதையும், குடியானவர்கள் மரங்களையே வெட்டிவிட்டதையும் அவர் எடுத்துக் காட்டினார். மரத்துக்கு வரி போட்டால் மரம் குறையும். வீட்டுக்கு வரி போட்டால் வீடு குறையும்.

உலகம் படித்த நூல்

1875-ம் ஆண்டு அவருடைய பத்திரிகை கைவிட்டுப் போயிற்று. பிறகு எரிவாயு மீட்டர்களைச் சோதிக்கும் அரசாங்க வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்துகொண்டே 1877-ம் ஆண்டு ஒரு நூல் எழுதத் தொடங்கினார். 1879-ம் ஆண்டு மார்ச் மாதம் எழுதி முடித்தார்.

பதிப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஜார்ஜ் சோர்ந்து போகவில்லை. பழைய தொழில் கைகொடுத்தது. தாமே சில பக்கங்களுக்கு அச்சுக் கோத்தார். முதலில் 500 பிரதிகள் வந்தன. “முன்னேற்றமும் வறுமையும்” என்ற அந்த நூல் பின்னர் பல மொழிகளில், இலட்சக்கணக்கில் விற்றது. ரஷ்ய நாட்டு டால்ஸ்டாய் கூட அவருடைய கொள்கையைப் போற்றினார்.

1886-ம் ஆண்டு நியூயார்க் மேயர் தேர்தலில், தொழிலாளர் சார்பில் ஜார்ஜ் நின்றார். 68,110 வாக்குகள் பெற்று இரண்டாவதாக வந்தார். பிற்காலத்தில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் மூன்றாவது இடத்துக்குப் போனார்!

1897-ம் ஆண்டு மீண்டும் நின்றார். உடல்நிலை சரியில்லை. உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. அக்டோபர் 28-ந் தேதி இரவு கூட்டங்களில் பேசிவிட்டு வந்து படுத்தார். விடிவதற்குள் உயிர் பிரிந்தது. தேர்தலுக்கு நான்கு நாட்களே இருந்தன. அவர் உடலைக் காண மக்கள் வெள்ளம் போலத் திரண்டு வந்தார்கள்.

விதை முளைத்தது

அவர் கொள்கைக்கு எதிர்ப்பும் இருந்தது. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் மனை வாங்கியவர் என்ன செய்வார்? நிலத்தின் விலை ஏறினால், வருமானம் இல்லாத முதியவர் வரிக்கு எங்கே போவார்? நியாயமான கேள்விகள்தான். வீட்டு வரியும் மற்ற வரிகளும் போய்விடுவதால் சாதாரணக் குடும்பத்துக்கு இலாபமே என்று ஜார்ஜ் வாதாடினார். ஆனாலும் அவர் விரும்பிய அளவுக்கு எந்த நாடும் போகவில்லை.

பாதி வழி போனவர்கள் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்காக 1913-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன்படி படிப்படியாக, 1925-ம் ஆண்டுக்குள் கட்டட வரி விகிதம் நில வரி விகிதத்தில் பாதியாயிற்று. 2001-ம் ஆண்டு வரை அந்த முறை நீடித்தது. அப்போது நிலங்களுக்குப் புது மதிப்புப் போட்டார்கள். மதிப்புத் திடீரென்று ஏறியது. வீட்டுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். நகரம் பழைய முறைக்கே திரும்பியது. வரி முறை எவ்வளவு நல்லதானாலும், மதிப்பிடுவதைக் காலம் தவறாமல், நேர்மையாகச் செய்யாவிட்டால் நிலைக்காது என்பதே அதில் கிடைத்த பாடம்.

அன்னி பிறந்தது ஆஸ்திரேலியாவில். அந்த நாட்டின் நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து மாநிலங்களில், ஊராட்சிகள் இன்றும் நிலத்தின் மதிப்பைக் கொண்டே வரி போடுகின்றன. மேலே நிற்கும் வீட்டின் மதிப்பு அந்தக் கணக்கில் சேராது.

அங்கே ஒரு குடும்பம் பிள்ளைகளுக்காக இன்னோர் அறை கட்டினால், அதற்காக நிலத்தின் மதிப்பு ஏறுவதில்லை. மனைவியின் பசிக்காகத் தெருவில் கை நீட்டிய ஒருவர், மற்றவர்களின் வீட்டுக்காகக் கேட்டதும் இதுதான்.