சோகத்தைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும் சந்திரபாபு லெஜண்டா?

ராத்திரி தூக்கம் வராம ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்கீங்க. திடீர்னு ஒரு பிளாக் அண்ட் ஒயிட் வீடியோ. ஒல்லியான உடம்பு, டைட்டா பேன்ட், நெத்தியில விழுற முடி. ஆடுறார், பாடுறார், பாட்டுக்கு நடுவுல தொண்டையை ஒரு சுழட்டு சுழட்டுறார். கமென்ட் பூரா லெஜண்ட், லெஜண்ட்தான். அடுத்ததா வர்ற வீடியோவும் அவரைப் பத்தினதுதான். ஆனா, அதுல பாட்டு இல்ல. சோகமான பிஜிஎம்மோட அவர் கடைசிக் காலத்துல எப்படிக் கஷ்டப்பட்டார்ங்கிற கதை.

ஜே.பி.சந்திரபாபுவை உங்ககிட்ட கொண்டுவந்து சேர்க்கிறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வீடியோதான். அவர் செத்து 50 வருஷம் தாண்டிடுச்சு. இப்போ ஒரு பாட்டு ஹிட்டானாலே லெஜண்ட் பட்டம் கிடைச்சுடுது. சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? பரிதாபத்தை மொத்தமா கழிச்சுட்டா, அவர்கிட்ட மிச்சம் என்ன இருக்கு?

தூத்துக்குடியில் ஆரம்பிச்ச கதை

1927 ஆகஸ்ட் 5, தூத்துக்குடி. பனிமய மாதா திருவிழா நாள். அன்னைக்குப் பொறந்ததால பேர்லயே பனிமயதாஸ் சேர்ந்துடுச்சு. அப்பா ரோட்ரிக்ஸ், சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகைக்காரர். குடும்பம் கொழும்புக்குப் போனதால, பையன் வளர்ந்தது அங்கேதான். அப்புறம் சென்னை. 1947-ல் 'தன அமராவதி' மூலமா சினிமாவுக்குள்ள வந்தாச்சு. ஆனா, வாய்ப்பு வரிசையில வந்து நிக்கல. வருஷக்கணக்கா ஸ்டுடியோ ஸ்டுடியோவா ஏறி இறங்கினார்.

1952-ல் விரக்தி எல்லை மீறி, ஜெமினி ஸ்டுடியோவிலேயே தற்கொலைக்கு முயன்றார். உயிர் பிழைச்சார், வழக்கு கோர்ட்டுக்குப் போய், விடுதலையும் ஆனார். அதே ஜெமினியோட 'மூன்று பிள்ளைகள்' படத்துல அவருக்கு வேஷமும் கிடைச்சுது. யூடியூப் கதைகள் ரொம்ப நேரம் நிக்கிற இடம் இதுதான். நாம நிக்க வேண்டாம். ஏன்னா, அவர் யாருன்னு காட்டினது இதுக்குப் பிறகு செஞ்ச வேலை.

அந்தத் தொண்டையும் அந்த உடம்பும்

முதல்ல குரல். பாட்டுக்கு நடுவுல அவர் சுழட்டுறதுக்குப் பேர் யோடலிங். அடிக்குரல்ல இருந்து சட்டுனு மெல்லிசான உச்சிக்குரலுக்குத் தாவி, அதே வேகத்துல திரும்பி வர்றது. மேற்கத்திய சரக்கு. இந்தியில கிஷோர் குமார் செஞ்சதைத் தமிழ்ல இவர் செஞ்சார். தமிழ்ப் பாட்டுல ஒட்டாம துருத்திக்கிட்டு நிக்க வேண்டிய விஷயம், இவர் வாயில இயல்பா உட்கார்ந்துச்சு. 1954-ல வந்த 'பெண்' படத்துல வீணை எஸ்.பாலசந்தருக்குப் பின்னணி பாடுற அளவுக்கு அந்தக் குரலுக்கு மதிப்பு இருந்துச்சு. 'மரகதம்' படத்துல ஜமுனாராணியோட அவர் பாடின டூயட்டை உங்க தாத்தாகிட்ட கேளுங்க, அவரே பாடிக் காட்டுவார்.

அடுத்தது உடம்பு. 1958-ல வந்த 'சபாஷ் மீனா'வை எடுத்துக்கோங்க. ஹீரோ சிவாஜி. சந்திரபாபுவுக்கு டபுள் ரோல். ஒருத்தன் படிச்ச பையன், இன்னொருத்தன் மெட்ராஸ் பாஷை பேசுற ரிக்‌ஷாக்காரன். நிக்கிறது, நடக்கிறது, கோபப்படுறதுன்னு ரெண்டு பேரையும் தனித்தனி ஆளாவே பிரிச்சிருப்பார். சிவாஜி பக்கத்துல நின்னுக்கிட்டே நம்ம கண்ணைத் தன் பக்கம் இழுக்கிறது சும்மா இல்ல. இந்தப் படத்தை 'தில் தேரா தீவானா'ன்னு இந்தியில எடுத்தப்போ மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருதே கிடைச்சுது.

1959-ல ஏவி.எம்மோட 'சகோதரி'. படம் எடுத்தது திருப்தியா இல்லைன்னு, சந்திரபாபுவைப் பால்காரரா வச்சு காமெடி காட்சிகளைத் தனியா எடுத்துச் சேர்த்தாங்க. படம் தப்பிச்சுது. காமெடியனை நம்பி ஒரு முழுப் படத்தையே ஒப்படைச்சாங்கன்னா, அவர் ரேஞ்சைப் புரிஞ்சுக்கோங்க.

மைனஸையும் எழுதணும்ல?

கண்டிப்பா. கண்ணதாசன் தயாரிச்ச 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்துல சந்திரபாபுதான் ஹீரோ. ஷூட்டிங்குக்கு அவரை வரவைக்கப் பட்ட பாட்டைக் கண்ணதாசனே எழுதியிருக்கார். படம் ஓடல. கையைச் சுட்டுக்கிட்டது கண்ணதாசன். எம்.ஜி.ஆரை வச்சு சந்திரபாபு ஆரம்பிச்ச 'மாடி வீட்டு ஏழை' பாதியிலேயே நின்னுச்சு, பணமும் போச்சு. அவரே டைரக்ட் பண்ணின 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) கைகொடுக்கல. பெரிய ஆள், சின்ன ஆள்னு பார்க்காத வாய், குடி, இதுக்கு நடுவுல நாகேஷோட வருகை. மார்க்கெட் சரிஞ்சுது. 1969-ல 'அடிமைப் பெண்'ல அவரை நடிக்க வச்சது, அதே எம்.ஜி.ஆர்தான்.

அதனால, ஊரே சேர்ந்து ஒரு அப்பாவியை அழிச்சுடுச்சுங்கிற ஒன்லைன் முழு உண்மை கிடையாது. அவரால நஷ்டப்பட்டவங்களும் அந்தக் கதைக்குள்ள இருக்காங்க. கல்யாணக் கதையும் அப்படித்தான். மனசுல வேறொருத்தர் இருக்கார்னு மனைவி சொன்னதும் அவரைப் பிரிய விட்டார்ங்கிறதை வச்சு அவரைத் தியாகி ஆக்குறோம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை இருந்துச்சுங்கிறதை மறந்துடுறோம்.

1974 மார்ச் 8-ல் அவர் இறந்தப்போ வயசு 46.

இப்போ கணக்கு

சோகத்தைக் கழிச்சாச்சு, தப்புகளையும் கழிச்சாச்சு. மிச்சம் இருக்கிறது அந்தத் தொண்டையும் அந்த உடம்பும். அது போதுமா? 'கவலை இல்லாத மனிதன்' படத்தை இன்னைக்கு யாரும் தேடிப் பார்க்கிறதில்ல. ஆனா, அதுல கண்ணதாசன் எழுதி, சந்திரபாபு பாடின தத்துவப் பாட்டு இன்னும் ராத்திரி எஃப்.எம்ல ஓடுது. ரெண்டு பேருக்கும் மனக்கசப்பைக் கொடுத்த படத்துல இருந்து, ரெண்டு பேரையும் தாண்டி ஒரு பாட்டு வாழுது.

லெஜண்டுங்கிறதுக்கு இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியல. கஷ்டப்பட்டவங்க எல்லாரும் லெஜண்ட் ஆகிறதில்ல. கஷ்டம் எதுவுமே தெரியாத ஒருத்தரைக்கூட, முன்னபின்ன பார்க்காத ஒரு வீடியோவில் நிறுத்தி வைக்க முடியுதுல்ல, அதுதான் விஷயம். அந்தக் கணக்குல சந்திரபாபு தாராளமா பாஸ்.

நம்பலையா? இன்னைக்கு ராத்திரி 'சபாஷ் மீனா'வைப் போடுங்க. ரிக்‌ஷாக்காரன் வர்ற சீன்ல அஞ்சு நிமிஷம் மியூட் பண்ணிட்டு, அவரை மட்டும் பாருங்க. சத்தமே இல்லாம உங்களுக்குச் சிரிப்பு வரும். அதுக்கப்புறம் அவர் பேரைச் சொல்றப்போ உச் கொட்ட மாட்டீங்க.