விழுந்த பங்கும் ரொபேட் நொய்ஸும்

2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி இன்டெல் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் கால்வாசிக்கும் மேல் சரிந்தது. முதல் நாள் மாலை அந்நிறுவனம் ஏறத்தாழ 15,000 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாகவும் பங்குதாரருக்கு வழங்கும் இலாபப் பங்கை நிறுத்தப்போவதாகவும் அறிவித்திருந்தது. உலகின் பெரும்பாலான கணினிகளுக்குச் சில்லு செய்து கொடுத்த நிறுவனம் அது. விலை விழுந்ததும் ஒரு கூட்டம் விற்றுவிட்டு ஓடியது. இன்னொரு கூட்டம், இவ்வளவு பழைய நிறுவனம் எழும்பாமல் போகுமா என்று மலிவு விலைக்கு வாங்கிக் குவித்தது.

இரண்டு கூட்டத்தையும் தன் காலத்திலேயே பார்த்துவிட்டவர், அதை ஆரம்பித்த ரொபேட் நொய்ஸ்.

1927இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். வீட்டில் காசு தாராளமாக இருந்ததில்லை. கிரினல் என்ற சிற்றூரின் கல்லூரியில் படிக்கும்போது, 1948இல், விருந்தொன்றுக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றி திருடி மாட்டிக்கொண்டார். பண்ணை நகர முதல்வருடையது. பௌதிகப் பேராசிரியர் கிராண்ட் கேல் பரிந்து பேசியதால் கல்லூரியை விட்டு நிரந்தரமாகத் துரத்தாமல் ஒரு தவணைக்கு மட்டும் வெளியே அனுப்பினார்கள். அந்த மாதங்களில் நியூயோர்க்கில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தார். எத்தனை பேர் எந்த வயதில் இறப்பார்கள் என்று கணக்குப் போடும் வேலை. நிகழ்தகவை வைத்துப் பணம் செய்யும் தொழிலை முதலில் அங்கேதான் கண்டிருப்பார்.

ஆனால் அவரைப் பிடித்திழுத்தது டிரான்சிஸ்டர். அதை அவருக்குக் காட்டியவரும் அதே கேல்தான். எம்.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1956இல் கலிபோர்னியாவில் வில்லியம் ஷொக்லியிடம் சேர்ந்தார். ஷொக்லியோடு ஒத்துப்போக முடியாமல் மறுவருடமே எட்டுப் பேர் வெளியேறினார்கள். ஆளுக்கு 500 டொலர் போட்டார்கள். மீதிப் பணத்தை கிழக்குக் கரையிலிருந்த ஃபெயார்சைல்ட் நிறுவனம் கொடுத்தது. 1959இல் நொய்ஸ் ஒரே சிலிக்கன் துண்டில் முழுச் சுற்றையும் அடக்கும் வழியைக் கண்டார். அதே ஆண்டு தாய் நிறுவனம் எட்டுப் பேரின் உரிமையையும் 3 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. அதன்பிறகு அவர்கள் சம்பளக்காரர். கண்டுபிடிப்பு கலிபோர்னியாவில், இலாபம் கிழக்குக் கரையில். கீழே வேலை செய்பவர்களுக்குப் பங்கில் உரிமை கொடுக்க மேலிடத்துக்கு மனம் வரவில்லை. நல்ல பொறியியலாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

1968இல் நொய்ஸும் கோர்டன் மூரும் வெளியேறி இன்டெலை ஆரம்பித்தபோது, இருவரும் தலைக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டொலர் சொந்தப் பணம் போட்டார்கள். ஆர்தர் ரொக் என்ற முதலீட்டாளர் இன்னும் 2.5 மில்லியன் திரட்டினார். அதில் 3 இலட்சம், நொய்ஸைப் பன்றித் திருட்டுக்காக வெளியே அனுப்பிய அதே கிரினல் கல்லூரியின் நிதியிலிருந்தும் அதன் அறங்காவலர் இருவரிடமிருந்தும் வந்தது. அந்த அறங்காவலர் சபையில் வாரன் பஃபெட்டும் இருந்தார் என்பது வேடிக்கை. தொழில்நுட்பப் பங்குகள் தனக்குப் புரியாது என்று நெடுங்காலம் ஒதுங்கிநின்ற மனிதர் அவர். நொய்ஸ் என்ற ஆளை நம்பிக் கொடுத்த பணம் அது. விற்கச் சில்லு எதுவும் அப்போது இருக்கவில்லை.

1974இல் கல்லூரி தன் பங்குகளை 14 மில்லியன் டொலருக்கு விற்றது. அதே ஆண்டு சந்தை மந்தமாகி, இன்டெல் தன் தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பியது. நொய்ஸை இது உலுக்கியது. பங்கு விழுந்தால் வைத்திருப்பவர் காத்திருக்கலாம். வேலை போனவர் எதைக் காத்திருப்பது? 1975இல் தலைமை நிர்வாகி பொறுப்பை மூரிடம் கொடுத்துவிட்டு, அவர் தலைவராக மட்டும் இருந்தார். உள்நிர்வாகத்தில் அன்றூ குரோவின் கை ஓங்கியது. குரோவ் ஹங்கேரியில் பிறந்த யூதர். சிறுவயதில் நாசிகளிடமிருந்து தாயோடு பொய்ப் பெயரில் மறைந்து வாழ்ந்து, 1956இல் இருபது வயதில் எல்லை கடந்து வந்த அகதி.

பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் நினைவகச் சில்லுகளை மலிவாக, தரமாக விற்கத் தொடங்கின. 1982 கடைசியில் ஐபிஎம் 250 மில்லியன் டொலர் கொடுத்து இன்டெலின் 12 சதவீதப் பங்கை வாங்கியது. தன் கணினிகளுக்குச் சில்லு தருபவர் விழுந்துவிடக்கூடாது என்ற கவலை அதற்கு. 1985இல் இன்டெல் தன்னை வளர்த்த அந்த நினைவகத் தொழிலையே கைவிட்டது. அடுத்த ஆண்டு நட்டம் 170 மில்லியன் டொலரைத் தாண்டியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. 1987இல் ஐபிஎம் தன் பங்குகளை விற்று வெளியேறியது. எழுச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. உள்ளே எல்லாம் தெரிந்த, பணத்துக்குக் குறைவில்லாத ஐபிஎம்மே எப்போது விற்பதென்று பிழையாகக் கணித்தது. வெளியே நின்று விலை வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை.

நொய்ஸ் அப்போது அரசின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சுதந்திரச் சந்தையில் வளர்ந்தவருக்கு அது இலேசான காரியமல்ல. 14 அமெரிக்க நிறுவனங்களும் அரசும் செலவைப் பாதி பாதி ஏற்ற செமாடெக் என்ற கூட்டு ஆய்வு அமைப்புக்கு, 1988இல் டெக்சாஸின் ஒஸ்டின் நகருக்குப் போய்த் தலைமை ஏற்றார். 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசு இன்டெலின் ஏறத்தாழ 10 சதவீதத்தையே, பங்கொன்று 20.47 டொலர் வீதம், எடுத்துக்கொண்டது. நொய்ஸ் கேட்டது இவ்வளவு தூரம் போகவில்லை.

1990 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை. ஒஸ்டினில் தன் வீட்டில் காலையில் நீந்திவிட்டு வந்தவர் மாரடைப்பால் இறந்தார். வயது 62. பத்து ஆண்டுகள் கழித்து, 2000இல், அவரைப் போலவே தனியாக அதே சுற்றைக் கண்டறிந்த ஜாக் கில்பிக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவருக்கு அப்பரிசு கொடுப்பதில்லை. அந்த ஆண்டு ஓகஸ்டில் இன்டெலின் சந்தை மதிப்பு 500 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. இனி விழாது என்று அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் ஏராளம். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் கையிலிருந்த பங்கு, கொடுத்த விலையில் ஐந்தில் ஒன்றும் பெறவில்லை.