மேலைப்புலோலி தந்த சதாவதானி

பருத்தித்துறைக்கு அணித்தேயுள்ள மேலைப்புலோலியில் 1871 ஆம் ஆண்டிற் பிறந்தவர் நா. கதிரைவேற்பிள்ளை. நாற்பது வயது நிரம்புமுன்னரே, 1907 இல், அவர் மறைந்தார். அக்குறுகிய வாழ்நாளில் தமிழ் அகராதி ஒன்றைத் தொகுத்தார். கூர்மபுராணத்துக்கு உரை கண்டார். சுப்பிரமணிய பராக்கிரமம், சைவபூஷண சந்திரிகை முதலிய நூல்களையும் யாத்தார். பாடத்தை நாளைக்கென ஒதுக்கிவைக்கும் நம் மாணவர், இத்துணையும் ஒருவர்க்கு எங்ஙனம் இயன்றதென எண்ணிப் பார்த்தல் நன்று.

தமிழகஞ் சென்று சென்னையில் வாழ்ந்த பிள்ளையவர்கள், சதாவதானி எனப் புகழ்பெற்றார். அவதானமென்பது கவனம். எண்வகைச் செயல்களிற் கவனஞ் செலுத்துவது அட்டாவதானம்; நூறாயின் சதாவதானம். அவையிலே ஒருவர் இலக்கண ஐயம் வினவுவார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். மற்றொருவர் பெருக்கற் கணக்கு விடுப்பார். இடையிடையே முதுகில் எறியப்படும் மலர்களையும் எண்ணிவரல் வேண்டும். அங்கே நாளை விடை கூறுவேனென்று தவணை கேட்டல் இயலாது. கற்றது நாவில் நின்றாலன்றி அவையில் நிற்றல் அரிது. இவ்வாற்றல் பிறவிக்கொடை மாத்திரமன்று. இடையறாப் பயிற்சியின் பேறுமாம். அகராதிப் பணியும் அத்தகையதே. நாடோறும் சில சொற்களேனும் ஆராயாதவன் அதனை ஒருகாலும் முடித்தலாகாது.

சென்னை உவெசிலிக் கல்லூரியில் அவர் தமிழாசிரியராயிருந்தபோது, திரு. வி. கலியாணசுந்தரனார் அவர்பாற் பயின்றார். 1904 இல், ஆசிரியர் சம்பந்தமான வழக்கொன்றிற் சாட்சி கூறச் சென்றமையால், அம்மாணாக்கர் இறுதித் தேர்வெழுதும் வாய்ப்பை இழந்தார். பள்ளிப்படிப்பு அத்துடன் நின்றது; தமிழ்ப்படிப்போ நிற்கவில்லை. 1908 இல் தம் ஆசிரியரின் சரித்திரத்தை அவர் நூலாக்கினார். பின்னர்த் தேசபக்தன், நவசக்தி ஆகிய இதழ்களை நடாத்தித் தமிழ் உரைநடைக்குப் புதுவலிவு தந்தார். தேர்வுக்கென்று மட்டும் கற்றிருப்பின், தேர்வு தவறிய அன்றே அவர் தமிழும் முடிந்திருக்கும்.

இதனை எழுதும் யானும் ஆசிரிய பயிற்சிக் காலத்தில் நன்னூலை இறுதி வாரம்வரை தள்ளிவைத்தவனே. தேர்வில் தேறினேன், ஆனால், ஒரு திங்களுள் சூத்திரங்கள் பலவும் மறந்தொழிந்தன. பின்னர் வகுப்பில் மாணவர் வினவியபோது நாணி நின்றேன். அந்நாணமே என்னைத் திருத்திற்று. இன்று என் வகுப்பிற் சிறியதோர் அட்டாவதானம் நடைபெறுகின்றது. ஒரு மாணவன் நூலை மூடிவைத்து எழுந்து நிற்பான். எண்மர் ஆளுக்கொன்றாய் வினவுவர். ஒருவன் சொற்பொருள் கேட்பான். ஒருவன் சந்தி பிரிக்கச் சொல்வான். ஒருவன் புதுவாக்கியம் வேண்டுவான். தவறினும் குறையில்லை, தவறிய இடமே அன்று மாலை அவன் படிக்கவேண்டிய பாடமாகும். முழுநூலைக் கண்டு மலைத்துத் தொடங்காதிருந்தவனும், எட்டு வினாக்களுக்கு அஞ்சுவதில்லை. பன்முறை வாசித்தலினும், நூலை மூடி நினைவினின்றும் கூறுதலே நெடிது நிலைக்குமென்பதை இக்கால உளநூலாரும் ஆய்ந்து காட்டியுள்ளனர்.

கல்லூரி விழாக் கொண்டாடும் இந்நாளில் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இன்றிரவு உங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி மூடிவைத்து, ஒரேயொரு வினாக் கேளுங்கள். மேலைப்புலோலிப் பெரியார்க்கு நாம் செய்யத்தக்க வழிபாடு அதுவேயாம்.