செக்கிழுத்த செம்மலின் மறுவாழ்வு

போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அந்நாளில் வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழ் முன்னோருள் பெரும்பாலோர், பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியாரின் கப்பல்களில் வந்தவர்களே ஆவர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் வாழ்ந்த முதியோர் நாவில் நெடுங்காலம் நிலைத்திருந்த 'ரஜூலா' என்ற கப்பலும் அக்கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்டதே. அதே கம்பெனியை எதிர்த்துத் தூத்துக்குடிக் கடலில் சுதேசிக் கப்பலை மிதக்கவிட்டு, அதன் காரணமாகத் தொழில், செல்வம், உடல்நலம் யாவும் இழந்த பெருமகனார் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அவர் கப்பலோட்டியதையும் செக்கிழுத்ததையும் அறியாத தமிழர் இலர். சிறை மீண்டபின் அவர் வாழ்ந்த ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகளை அறிந்தோரோ சிலரே.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றிய அவர், தந்தையாரைப் போலவே வழக்கறிஞர் ஆனார். பின்னர்த் தூத்துக்குடியில் குடியேறி நல்ல வருவாய் ஈட்டினார். அவ்வளவில் நின்றிருப்பின் வளமான வாழ்வு வாய்த்திருக்கும். ஆயினும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த வாணிகம் முழுவதும் அன்னியர் கப்பலை நம்பியிருந்தமை அவர் நெஞ்சை உறுத்தியது.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் இசுலாமியப் பெருந்தகை ஒருவரே 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். முதலில் வாடகைக்குக் கப்பல் அமர்த்தினர். அதற்கும் இடையூறு நேரவே, சிதம்பரனார் பம்பாய் சென்றார். கப்பலின்றி ஊர் திரும்புவதில்லை என்ற உறுதியுடன் சென்றவர், 1907இல் 'காலியா' என்னும் கப்பலோடு வந்து சேர்ந்தார். 'லாவோ' என்ற மற்றொரு கப்பலும் வந்தது. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்துப் பார்த்தனர். பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தனர் என்றுகூடக் கூறுவர். கையில் பணம் கொழித்தவர் ஆடக்கூடிய ஆட்டம் அது.

1908ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் அவர் கைதானார். தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அவர் முன்னின்று நடத்தியதும் ஆட்சியாளரின் சினத்தை வளர்த்திருந்தது. நீதிபதி பின்ஹே, அரசத் துரோகத்திற்கு இருபதாண்டு, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றமைக்கு இருபதாண்டு என நாற்பதாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். அச்செய்தி கேட்டு அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார், மீண்டும் தெளியவேயில்லை. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆயினும் கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். அவர் உள்ளிருந்த காலத்திலேயே சங்கம் கலைக்கப்பட்டது. 'காலியா' கப்பல் அந்தப் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டதுதான் கொடுமையினும் கொடுமை.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கண்ணனூர்ச் சிறையிலிருந்து அவர் வெளிவந்தபோது, திரண்டு வந்து வரவேற்கக் கூட்டம் இல்லை. தொழுநோயால் நலிந்திருந்த சிவா காத்திருந்தார். வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது. வாழ்ந்து பழகிய திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பவும் வழியில்லை. நாற்பது வயதில், மனைவி மக்களுடன், அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சென்னையில் கடை வைத்தார், வாணிகம் கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் உழைத்து வாழ்ந்த தமிழர்கள், முன்பின் பாராத அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தனர். கடிதங்கள் பல சென்று வந்தபின், 1916இல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்குக் கிட்டியது. கப்பல் வாங்கிய கை அச்சிறு தொகைக்காகக் காத்திருந்தது. கடல் கடந்து வாழும் தமிழர் இதனை அறிந்திருத்தல் தகும்.

வறுமை அவரை முடக்கவில்லை. சிறைக்குள்ளேயே அவர் புலமைப் பணியைத் தொடங்கியிருந்தார். ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். கண்ணனூரில் உடனிருந்த கைதிகளுக்காக, திருக்குறளின் நெறியைத் தழுவி 125 அதிகாரங்களில் 'மெய்யறம்' பாடினார்; அது 1914இல் அச்சேறியது. 1915இல் 'மெய்யறிவு' வந்தது. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். பரிமேலழகர் ஒருவரையே யாவரும் பயின்ற காலத்தில், அவருக்கு முற்பட்ட உரையாசிரியர் ஒருவரைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது சிறு காரியமன்று. அதே ஆண்டில் அவர் பதிப்பித்த 'இன்னிலை' பழைய நூலன்று, பிற்காலத்தார் புனைந்த போலி என்று அறிஞர்கள் பின்னர்க் கண்டனர். நம்பி ஏமாறுதல் அவருக்கு நேர்ந்த துன்பங்களுள் ஒன்று போலும்.

அனைத்தினும் பெரிது தொல்காப்பிய இளம்பூரணர் உரைப்பணி. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்து பதிப்பது, கண்ணையும் காலத்தையும் உறிஞ்சும் வேலை, ஊதியமோ சிறிது. பகற்பொழுது பிழைப்புக்கே போதாத நிலையில் அவர் அதனைச் செய்தார். எழுத்ததிகாரம் 1928இல் வெளிவந்தது; பொருளதிகாரம் பின்னர் எஸ்.வையாபுரிப் பிள்ளையின் துணையோடு நிறைவுற்றது.

இடையில் கோவையில் சில காலம் வங்கி மேலாளராக இருந்தார். 1908இல் திருநெல்வேலியில் அவர் வழக்கை முதற்கண் விசாரித்த வாலஸ் துரை, பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகி, அவருடைய வழக்கறிஞர் உரிமையைத் திருப்பி அளித்தார். தம்மைச் சிறைக்கு அனுப்பிய வழக்கில் பங்கு கொண்டவர் என்று சிதம்பரனார் பகை பாராட்டவில்லை. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். வெள்ளைக்கார நீதிபதியின் பெயரை ஈசுவரன் திருநாமமாக்கிய அந்த நன்றியுணர்வு வியத்தற்குரியது. பின்னர்க் கோவில்பட்டியிலும், 1932 முதல் தூத்துக்குடியிலும் வழக்காடினார். முன்னைய வருவாய் மீளவில்லை.

இறுதிக் காலத்தில் சைவ சித்தாந்தத்தில் அவர் உள்ளம் ஆழ்ந்தது. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், பன்னிரண்டே சூத்திரங்களில் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை நிறுவும் நூல். புலவர்க்கும் எளிதில் பிடிபடாதது. அதற்குச் சாதாரண மக்களும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் உரை வரைந்து 1935இல் வெளியிட்டார். சைவர் பலர் அவரைத் தேசபக்தர் என்றே போற்றி, இவ்வுரையை மறந்துவிட்டனர். திருக்கோயில் நூலகங்களில் இருக்கத்தக்க உரை அது.

மறு ஆண்டு நோய் முற்றியது. அவர் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது. தூத்துக்குடித் துறைமுகத்திற்கு 2011இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் எழுதிவைத்த உயிலில், கடைகளுக்குத் தீர்க்கவேண்டிய சிறு சிறு கடன்களும் விடாமல் குறிக்கப்பட்டிருந்தன.