அளவையியலாளர் ஹஸ்கெல் கரி

க.பொ.த. உயர்தரக் கலைப் பிரிவில் அளவையியலும் விஞ்ஞான முறையும் ஒரு பாடமாக உள்ளது. ஈச்சிலம்பற்றிலோ மூதூரிலோ அப்பாடத்தைத் தெரிவு செய்யும் மாணவர், கணினித்துறையின் கதவு தமக்கு அடைபட்டுவிட்டதாக எண்ணிவிடுதல் கூடும். அவ்வெண்ணம் எத்துணை பிழையானது என்பதற்கு அமெரிக்க அளவையியலாளர் ஹஸ்கெல் புரூக்ஸ் கரியின் வாழ்வே சான்றாகும். (அவருடைய பெயருக்கும் நமது கறிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.)

1900 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த கரியின் பெற்றோர் பேச்சுக்கலைக் கல்லூரி ஒன்றை நடத்தி வந்தனர். 1916 இல் மருத்துவம் பயிலும் நோக்குடன் ஹாவார்ட்டில் சேர்ந்தவர், கணிதத்துக்கு மாறி, மின்பொறியியலையும் பௌதிகவியலையும் தொட்டு, இறுதியில் அளவையியலில் நிலைகொண்டார். இத்தனை மாற்றங்களை நமது பெற்றோர் பொறுத்திருப்பார்களோ என்பது ஐயமே.

பிறின்ஸ்டனில் கற்பித்துக் கொண்டிருந்தபோது, மோசஸ் ஷோன்பிங்கெல் 1924 இல் வெளியிட்ட கட்டுரை அவர் கண்ணிற்பட்டது. தாம் தேடிய கருத்தை இன்னொருவர் முன்னரே கண்டுவிட்டதை அறிந்த கரி, அதனை மறைக்கவில்லை. அக்கருத்துப் பிறந்த ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கே சென்று, ஹில்பேர்ட்டின் கீழ் ஆய்வு செய்து 1930 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அக்கருத்தை மீன் விற்பனையைக் கொண்டு விளக்கலாம். விலையும் நிறையும் தெரிந்தால் பெறுமதி தெரியும். ஆயினும் வியாபாரி இரண்டையும் ஒருங்கே கேட்பதில்லை. காலையில் விலையை நிர்ணயித்துவிட்டால், அன்றைக்குரிய கணக்கு விதி ஒன்று அவரிடம் ஆயத்தமாகிவிடுகின்றது. பின்னர் வருவோரிடம் நிறையை மட்டும் கேட்டால் போதும். இரண்டு உள்ளீடுகளைக் கொண்ட சார்பை இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்கும் முறை இன்று கரியின் பெயராலேயே வழங்குகின்றது. ஷோன்பிங்கெலோ 1942 இல் மொஸ்கோவில் வறுமையில் மடிந்தார். பெயர் சூட்டுவதில் உலகம் நீதியாக நடந்ததில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரே அல்கோரிதம் எனத் திரிந்தது என்பதையும் பலர் அறியார்.

1935 இல் கரிக்குப் பேரிடி விழுந்தது. அவருடைய ஒழுங்கமைப்பில் முரண்பாடு உள்ளதெனக் கிளீனியும் ரொஸ்ஸரும் நிறுவினர். வேறொருவராயின் துறையையே கைவிட்டிருப்பர். கரியோ அம்முரண்பாட்டையே ஆய்வுப்பொருளாக்கி, 1942 இல் அதன் வேரை மிக எளிய வடிவிற் காட்டினார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் எனியாக் கணினியுடன் பணியாற்றியவர், சிறு செய்நிரல்களை இணைத்துப் பெருஞ்செய்நிரல் ஆக்கும் வழியையும் ஆராய்ந்தார். 1929 முதல் 1966 வரை அவர் கற்பித்தது பென்சில்வேனியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றிலாகும். 1982 செப்டெம்பர் முதலாம் திகதி அங்கேயே காலமானார்.

1987 இல் கூடிய ஆய்வாளர்கள், சார்புவழிச் செய்நிரலாக்கத்துக்கெனப் பொதுமொழி ஒன்றை உருவாக்கத் தீர்மானித்து, அதற்கு ஹஸ்கெல் எனப் பெயரிட்டனர். 1990 இல் அது வெளிவந்தது. அம்மரபின் கூறுகள் 2014 இல் ஜாவா மொழியிலும் இடம்பெற்றன. பெயர் சூட்ட அனுமதி கோரிக் கடிதம் எழுதிய போல் ஹுடாக்கிடம் கரியின் துணைவியார் வேர்ஜீனியா மனமுவந்து இசைந்தார். எனினும் பின்னர் ஹுடாக்கைச் சந்தித்து விடைபெறும் வேளையில், தம் கணவருக்கு ஹஸ்கெல் என்ற பெயர் ஒருபோதும் பிடித்ததில்லை என அவர் தெரிவித்தாராம்.