மாடம்பாக்கம் வரை வந்த சிஸ்டர்

தாம்பரம், சேலையூர் பக்கம் ஊழியத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு அம்மாவின் ஞாபகம் வரும். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் விதவைகளுக்கும் வாலிபப் பெண்களுக்கும் அவர் செய்ததை நாம் அறிந்திருப்பது நல்லது. அவர்தான் சிஸ்டர் சுப்பலட்சுமி.

1886-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் விதவை என்றால் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் ஊர் வாய்க்குப் பயப்படாமல் மகளைப் படிக்க வைத்தார். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியிலும் படித்த அந்தப் பெண், 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

படித்தோம், வேலைக்குப் போனோம், நம்ம பாட்டைப் பார்ப்போம் என்று அவர் இருந்துவிடவில்லை. 1912-ல் எழும்பூரில் நாலே நாலு பெண்களோடு ஒரு விடுதியை ஆரம்பித்தார். விதவையான அவருடைய சித்தி அதில் துணை நின்றார். மிஸ் லிஞ்ச் என்ற கல்வி அதிகாரியும் கைகொடுத்தார். பிற்பாடு அது கடற்கரை ஐஸ் ஹவுசுக்கு மாறியது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம் அது. அங்கே விதவைப் பெண்கள் ஆசிரியைகளாக உருவானார்கள்.

இதைக் கவனியுங்கள். சோறு போட்டு, சேலை கொடுத்து அனுப்பிவிடும் தர்மம் அல்ல அது. பாடம் சொல்லிக் கொடுத்தார், பயிற்சிக்கு அனுப்பினார், மாதச் சம்பளம் அவளவள் கையிலேயே வரும்படி செய்தார். நேற்று வரை வீட்டுக்குப் பாரம் என்று பேச்சு வாங்கினவள், இன்று வீட்டைத் தாங்குகிறவள் ஆனாள்!

1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பு அவரிடம் வந்தது. வயது கடந்த பெண்கள் படிக்க எங்கே போவார்கள்? அவர்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயாவும், 1942-ல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையமும் எழும்பின.

அதோடு ஓயவில்லை. 1954-ல், அறுபத்தெட்டு வயதில், நம்ம தாம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சமூக நல மையம் அமைக்கும் வேலையில் இறங்கினார். 1958-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969 டிசம்பரில் மறைந்தார்.

சகோதரரே, சகோதரியே, எங்கள் சபையிலும் கணவனை இழந்தவர்கள் உண்டு. பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற வாலிபப் பிள்ளைகளும் உண்டு. அரிசி கொடுக்கிறோம், பண்டிகைக்குத் துணி எடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான். ஆனா அந்த அரிசி எத்தனை நாளைக்கு வரும்? எலிசா அந்த விதவையிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்து, இருந்த எண்ணெயை விற்றுக் கடனை அடைத்துப் பிழைக்க வழி சொன்னாரே! ஒரு தையல் மிஷின், கணக்கு எழுதப் பழக்கம், பாங்கில் அவள் பேரிலேயே ஒரு பாஸ் புக், இவை அரிசி மூட்டையைவிட நீண்ட நாள் நிற்கும்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு சகோதரி இருக்கிறாளா? இந்த வாரமே போய், அவளுக்கு என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள்.